விஜய் சிங்கை ஒரே வரியில முடிச்சிட்டீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல கோல்ஃப் உலகத்தோட பெரிய ஆட்டக்காரங்களைப் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. டைகர் உட்ஸுக்கு நாலு பத்தி, ஜாக் நிக்லாஸுக்கு ரெண்டு பத்தி, அர்னால்டு பாமருக்குப் படத்தோட தனியா ஒரு பெட்டிச் செய்தி. எல்லாம் அவங்களுக்குச் சேர வேண்டியதுதான், அதுல எனக்கு எந்த மனக்குறையும் இல்ல. ஆனா விஜய் சிங்குக்கு ஒரே ஒரு வரி. ஃபிஜிக்காரர், டைகர் காலத்துல ஆடினவர், மூணு மேஜர் (வருஷத்துக்கு நாலே நாலு நடக்கிற பெரிய பட்டப் போட்டி) ஜெயிச்சவர், முடிஞ்சது. அதுல எழுதியிருக்கிறது எதுவும் தப்பு இல்ல, மூணு மேஜர்ங்கிறது சரியான கணக்குதான், ஆனா அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கவே இல்ல, அதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். கோப்பையை மட்டும் எண்ணி எழுதினா விஜய் சிங்குக்கு ஒரு வரிதான் வரும், வேற வழியே இல்ல. அவர் பார்த்த வேலையை எழுதினாத்தான் அவர் யாருன்னு தெரியும். அவர் மட்டும் இல்ல, ப்ரொஃபஷனல் கோல்ஃபர்னு சொல்ற யாரைப் பத்தி எழுதினாலும் அது ஒரு வேலை, அதுல சம்பளம் எப்படி வருது, எப்போ வராமப் போகுதுங்கிற விஷயத்தை நம்ம பத்திரிகைங்க எழுதுறதே இல்ல. நம்ம வாசகர்கள்ல பாதிப் பேருக்கு கோல்ஃப்னாலே பணக்காரங்க பொழுதுபோக்கு, தொப்பி போட்ட பெரிய மனுஷங்க வண்டியில ஏறிப் போற புல்வெளி, அவ்வளவுதான் தெரியும். அதுக்கு வாசகரைக் குத்தம் சொல்ல முடியாது, நீங்க போடுற செய்தி அப்படி.

முதல்ல அந்த வேலையைச் சொல்றேன். கிரிக்கெட்ல டீம்ல எடுத்துட்டா பெஞ்சுல உக்காந்திருந்தாலும் காசு உண்டு, ஒப்பந்தம் உண்டு. கோல்ஃப்ல அது கிடையாது. ஒரு டூர்னமென்ட் வியாழக்கிழமை ஆரம்பிக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் 36 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி) முடியும்போது ஒரு கோடு போடுவாங்க, அதுக்குப் பேரு கட். அமெரிக்காவுல வாரா வாரம் ஊர் ஊரா நடக்கிற போட்டித் தொடரான பிஜிஏ டூர்ல இப்போ பெரும்பாலான போட்டிகள்ல முதல் 65 பேரும் அதே ஸ்கோர்ல இருக்கிறவங்களும் மட்டும் சனி ஞாயிறு ஆடலாம், மத்தவங்க பையைத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான், அவங்களுக்கு அந்த வாரம் பரிசுப் பணமா ஒரு காசு கிடையாது. ஆனா செலவு மட்டும் வந்த வாரமே வந்துடும், விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு, பை தூக்கி வர்ற கேடிக்குக் கூலி, எல்லாமே ஆட்டக்காரர் கைக்காசு. கோல்ஃப்ல கம்மி ஷாட்ல முடிக்கிறவர்தான் முன்னாடி, அதனால ஒரே ஒரு ஷாட் அதிகமாப் போய் கட் மிஸ் ஆகி, மூணு நாலு வாரம் தொடர்ந்து அப்படியே ஆனா, பெரிய ஸ்பான்சர் இல்லாத ஒரு ஆள் என்ன பண்ணுவான்னு யோசிச்சுப் பாருங்க. டிவியில நாம பாக்குறது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பரிசுக் காசோலையைத் தூக்கிப் பிடிக்கிற ஒருத்தரை. வெள்ளிக்கிழமை கிளம்பிப் போன எழுபது எண்பது பேரை யாரும் பாக்குறதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. ப்ரொஃபஷனல் கோல்ஃபர்னு சொன்னா எல்லாரும் டூர்ல ஆடுறவங்க இல்ல. கிளப் ப்ரோன்னு ஒரு பெரிய கூட்டம் இருக்கு, அமெரிக்காவுல மட்டுமே பல ஆயிரம் பேர். கிளப்புல வேலைக்கு இருப்பாங்க, மெம்பருங்களுக்கு மட்டையைச் சுழற்றி அடிக்கிற ஸ்விங்கைச் சொல்லித் தருவாங்க, கடையைப் பாத்துப்பாங்க, போட்டி நடத்துவாங்க, மிச்ச நேரத்துல தன்னோட ஆட்டத்தைத் தேய்ச்சுக்குவாங்க. நாலு மேஜர்ல ஒண்ணான பிஜிஏ சாம்பியன்ஷிப்ல இன்னிக்கும் இந்தக் கிளப் ப்ரோக்களுக்குன்னு 20 இடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க, 2023-ல மைக்கேல் பிளாக்ங்கிற கிளப் ப்ரோ அதுல வந்து, கடைசி நாள் ஒரே அடியில பந்தைக் குழியில போடுற ஹோல்-இன்-ஒன்னும் அடிச்சு, 15-வது இடத்துல முடிச்சாரு. விஜய் சிங் ஜெயிச்ச மூணு மேஜர்ல ரெண்டு இந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்தான். அவரும் ஒரு காலத்துல காட்டு ஓரத்துல கிளப் ப்ரோவா இருந்தவர்ங்கிறதை உங்க கட்டுரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர் பிறந்தது 1963-ல, ஃபிஜி தீவுல லௌடோகாங்கிற ஊர்ல. சர்க்கரை ஆலை ஊரு அது. 1879-ல இருந்து 1916 வரைக்கும் சுமார் 60,000 பேரை இந்தியாவுல இருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டுபோய் கரும்புத் தோட்டத்துல விட்ட நாடு, 1903-க்கு அப்புறம் மெட்ராஸ்ல இருந்தும் கப்பல் போச்சு, அதனால அந்த மண்ணைப் பத்தி நம்ம வாசகருங்களுக்கு யாரும் புதுசா சொல்லணும்னு இல்ல. வளர்ந்தது நாந்தியில, சிவசுப்ரமணிய சுவாமி கோயில் இருக்கிற அதே ஊரு. அப்பா விமானப் பராமரிப்பு டெக்னீஷியன், கோல்ஃபும் சொல்லித் தருவாரு. அங்க விமான நிலையத்தை ஒட்டியே ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு, அங்கதான் பையன் கத்துக்கிட்டது. சின்ன வயசுல பந்து வாங்கக் காசில்லாம தேங்காயை அடிச்சுப் பழகினேன்னு அவரே சொல்லியிருக்காரு. அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வைஸ்காஃபோட ஸ்விங்கைப் பாத்து, அதே மாதிரி தன் ஸ்விங்கை அமைச்சுக்கிட்டாரு, ரெண்டு பேரும் நல்ல உயரம். இன்னிக்கு மாதிரி வீடியோ, கோச், மெஷின் எதுவும் இல்லாத தீவு அது. 1982-ல, 19 வயசுல, ப்ரோ ஆனாரு. 1984-ல மலேசியன் பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயிச்சாரு. இவ்வளவு வரைக்கும் பாத்தா நல்லாப் போய்ட்டிருக்கிற பையன் கதைதான்.

அப்புறம் 1985, ஜகார்த்தா. இதைச் சொல்லாம விஜய் சிங்கைப் பத்தி எழுதுறது நியாயம் இல்ல, அவரைப் பிடிச்சவங்க இதை விட்டுட்டு எழுதுறதும் எனக்குப் பிடிக்கிறதில்ல. இந்தோனேசியன் ஓபன்ல ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு, கட்டைத் தாண்டி சனி ஞாயிறு ஆடுறதுக்காக ஸ்கோர்கார்டுல ஒரு ஷாட்டைக் குறைச்சு மாத்திட்டாருன்னு குற்றச்சாட்டு வந்துச்சு. ஆசிய டூர்ல இருந்து அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அவர் அதை அப்பவும் மறுத்தாரு, அதுக்கப்புறமும் மறுத்துக்கிட்டேதான் வந்தாரு, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுன்னுதான் சொன்னாரு. உண்மையில என்ன நடந்துச்சுன்னு தீர்ப்பு சொல்ல நாம யாரும் அங்க இல்ல. ஆனா கோல்ஃப்ல அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு கனம்னு வாசகருக்குப் புரிய வெக்கணும்.

கோல்ஃப்ல உங்க ஸ்கோரை அம்பயர் எழுத மாட்டாரு. உங்க கூட ஆடுற இன்னொரு போட்டியாளர்தான் மார்க்கர், அவர் உங்க கார்டை எழுதுவாரு, ரவுண்டு முடிஞ்சதும் ஒரு மேசையில உக்காந்து ஒவ்வொரு ஹோலா சரிபாத்து நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். போட்ட கையெழுத்துக்கு மேல பேச்சே கிடையாது. அடிச்சதை விடக் குறைச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டா டிஸ்குவாலிஃபை. கூட்டி எழுதிட்டா அந்தக் கூடின நம்பர்தான் உங்க ஸ்கோர். 1968 மாஸ்டர்ஸ்ல, அதுவும் ஒரு மேஜர்தான், அர்ஜென்டினாக்காரர் ராபர்டோ டி விசென்ஸோ 17-வது ஹோல்ல 3 அடிச்சாரு, கூட ஆடினவர் 4-னு எழுதிட்டாரு, இவர் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாரு. உலகமே டிவியில பாத்த பர்டி அது, பர்டின்னா அந்த ஹோலுக்குன்னு வெச்ச கணக்கான பாரை விட ஒரு ஷாட் கம்மி, ஆனாலும் 4-தான்னு வெச்சுட்டாங்க, அந்த ஒரு ஷாட்டால அவருக்கு பிளேஆஃப், அதாவது சமமா முடிச்சவங்க திரும்ப ஆடுற கூடுதல் ஆட்டம், போச்சு, பாப் கோல்பி சாம்பியன் ஆனாரு. ஆட்டமே ஆளோட கையெழுத்து மேல நிக்குது, அதனாலதான் கார்டு விஷயத்துல பேரு கெட்டவனுக்கு வேற நாட்டுல போய் ஆடுறதும் கஷ்டம், ஸ்பான்சர் கிடைக்கிறதும் கஷ்டம். இருபத்திரண்டு வயசு, சின்னத் தீவுல இருந்து வந்த பையன், கையில காசில்ல, பேரும் போச்சு. பெரும்பாலானவங்களுக்கு அத்தோட கதை முடிஞ்சிருக்கும்.

அவர் போனது போர்னியோ. மலேசியாவோட சபா மாநிலத்துல கெனிங்காவ்ங்கிற உள்நாட்டு ஊர்ல ஒரு கிளப், அப்புறம் சரவாக்ல மிரி கோல்ஃப் கிளப். மரவியாபாரம் பண்றவங்களுக்கு கோல்ஃப் சொல்லிக் குடுக்கிற வேலை. என்னைக் கேட்டா விஜய் சிங்கோட கெரியர்ல நாம எழுத வேண்டிய காலமே இதுதான், ஆனா எந்தப் பட்டியல்லயும் இது வராது, ஏன்னா இதுல கோப்பை இல்ல. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரு, பாக்க ஆள் இல்ல, போட்டிக்கு ஆள் இல்ல, அடுத்த டூர்னமென்ட் எப்போன்னு தெரியாது, பாடம் முடிஞ்சதும் தனியா நின்னு பந்து அடிக்கணும். ஒரு பந்து, அடுத்த பந்து, அதுக்கடுத்த பந்து. இன்னிக்கும் கோல்ஃப் ஆளுங்க விஜய் சிங்னா முதல்ல சொல்றது அவர் பந்து அடிச்சுப் பழகுற ரேஞ்சுல நிக்கிற நேரத்தைத்தான், எல்லாரும் கிளம்பின பிறகும் பொழுது சாயிற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருப்பாருன்னு. அந்தப் பழக்கம் ஃபுளோரிடாவுல சௌகரியமா வந்தது இல்ல. வேற எதுவுமே இல்லாத ஒரு இடத்துல மனசு உடையாம இருக்கிறதுக்கு அவர்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் காசு சேத்துக்கிட்டு ஐரோப்பாப் பக்கம். ஐரோப்பிய டூர்ல நேரா போய் ஆட முடியாது, க்யூ ஸ்கூல்னு ஒரு தகுதிப் போட்டி உண்டு, நூத்துக்கணக்கானவங்க வந்து கொஞ்ச பேருக்கு மட்டும் கார்டு கிடைக்கும், அந்தக் கார்டுதான் அடுத்த வருஷத்துக்கு வேலை உத்தரவு மாதிரி. முதல் தடவை அவருக்குக் கிடைக்கல. ஸ்காட்லாந்துல எடின்பரோவுல ஒரு நைட்கிளப் வாசல்ல பவுன்சரா நின்னாரு, ஆறடி ரெண்டங்குல உடம்பு அதுக்கு உதவுச்சு. ராத்திரி வாசல்ல நின்னுட்டுப் பகல்ல பந்து அடிக்கிற ஒரு மனுஷனை நினைச்சுப் பாருங்க அய்யா, அவர்தான் பின்னாடி உலகத்துலயே நம்பர் 1. 1988-ல ஆப்பிரிக்கா போய் நைஜீரியன் ஓபன் ஜெயிச்சாரு, அதே வருஷம் க்யூ ஸ்கூல்லயும் தேறினாரு, 1989-ல இத்தாலியில வால்வோ ஓபன் ஜெயிச்சு ஐரோப்பிய டூர்ல முதல் பட்டம்.

அமெரிக்கா போய் முதல் பிஜிஏ டூர் பட்டம் வாங்கினது 1993-ல, பியூக் கிளாசிக், மார்க் வீபியோட பிளேஆஃப்ல ஜெயிச்சாரு. அந்த வருஷத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயர் விருதும் அவருக்கே. புதுமுக வீரர் விருது வாங்கும்போது வயசு 30. டைகர் உட்ஸுக்கு அப்போ 17, பள்ளிக்கூடப் பையன். இதை எதுக்குச் சொல்றேன்னா உங்க கட்டுரை ரெண்டு பேரையும் ஒரே காலத்து ஆளுங்க மாதிரி பக்கத்துல பக்கத்துல நிறுத்துது, ஆனா ஒருத்தர் கிட்டத்தட்ட 13 வருஷம் மூத்தவர், அதுல முக்கால்வாசி வருஷத்தைக் கிளப் ப்ரோவாவும் ஊர் ஊரா அலைஞ்சும் செலவழிச்சவர்.

1998-ல அமெரிக்காவுல சஹாலீ மைதானத்துல பிஜிஏ சாம்பியன்ஷிப், ஸ்டீவ் ஸ்ட்ரிக்கரை ரெண்டு ஷாட்ல தாண்டி முதல் மேஜர், வயசு 35. 2000-ல மாஸ்டர்ஸ், எர்னி எல்ஸை மூணு ஷாட்ல தாண்டி, வயசு 37. அந்த மாஸ்டர்ஸ் அப்போ ஒன்பது வயசு மகன் ஒரு சீட்டு எழுதி அவர் பையில குத்தி வெச்சிருந்தான், அப்பா உங்க ஸ்விங்கை நம்புங்கன்னு. அமெரிக்கப் பத்திரிகைங்க அதைப் பெருசா எழுதிச்சு, எழுத வேண்டிய விஷயம்தான், ஏன்னா அந்த ஸ்விங் எந்தப் பெரிய கோச்சும் கட்டிக் குடுத்தது இல்ல, நாந்தியில ஆரம்பிச்சு போர்னியோவுல தேய்ச்சுத் தேய்ச்சு வந்தது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். 40 வயசு. கோல்ஃப் வயசானவங்க ஆட்டம்னு வெளியில இருந்து பாக்குறவங்க நினைப்பாங்க, ஆனா டூர் மட்டத்துல 40 தாண்டினா முதுகு பேச ஆரம்பிக்கும், பந்து போற தூரம் குறையும், எல்லாத்துக்கும் மேல பந்தைக் குழிக்குள்ள தள்ளுற புட்டிங்ல கை நடுங்க ஆரம்பிக்கும், மூணடி தூரத்துப் பந்தையே மிஸ் பண்ணி அப்படியே ஒதுங்கிப் போன சாம்பியன்கள் நிறைய பேரு. விஜய் சிங்குக்கே புட்டிங்தான் பலவீனம், வயித்துல ஊன்றிப் பிடிக்கிற நீள புட்டிங் மட்டையெல்லாம் மாத்தி மாத்திப் பாத்தாரு. அவர் பிஜிஏ டூர்ல மொத்தம் ஜெயிச்சது 34. அமெரிக்கர் இல்லாத ஒருத்தர் இவ்வளவு ஜெயிச்சதில்ல. அந்த 34-ல 40 வயசுக்கு முன்னாடி 12, 40-க்கு அப்புறம் 22. திரும்பப் படிங்க, 40-க்கு அப்புறம் 22. அதுக்கு முன்னாடி அந்த ரெக்கார்டு சாம் ஸ்னீடோடது, 17. உங்க கட்டுரையில அந்த ஒரு வரிக்குப் பதிலா இந்த 22-ங்கிற ஒரு நம்பரைப் போட்டிருந்தாக்கூட நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

2004-ஐ மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம். அந்த வருஷம் ஒன்பது பட்டம். ஆகஸ்ட்ல விஸ்கான்சின்ல மிச்சிகன் ஏரிக்கரையில விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்துல பிஜிஏ சாம்பியன்ஷிப். ஞாயித்துக்கிழமை ஒரு ஷாட் முன்னிலையோட கிளம்பினவர் அன்னிக்கு 18 ஹோல்ல ஒரு பர்டிகூடப் போடல. 76 அடிச்சாரு. கடைசி நாள் 76 அடிச்சு அந்தப் பட்டத்தை ஜெயிச்சவங்க அதுக்கு முன்னாடி யாரும் இல்ல. கூட ஆடின ஜஸ்டின் லெனர்டு 18-வது ஹோல்ல பார் எடுத்திருந்தா அவர் ஜெயிச்சு அங்கயே முடிஞ்சிருக்கும், பந்து குழிக்குள்ள போகல. லெனர்டு, கிறிஸ் டிமார்கோ, விஜய் மூணு பேரும் சமம், மூணு ஹோல் பிளேஆஃப். நாள் முழுக்க ஒண்ணும் உருப்படியா நடக்காத ஒரு 41 வயசு ஆளு அந்த பிளேஆஃபோட முதல் ஹோல்ல, 10-வது ஹோல் அது, டிரைவர்ங்கிற நீள மட்டையை எடுத்து, குழி இருக்கிற கிரீன் பக்கத்துல பந்தைக் கொண்டு போட்டு பர்டி போடுறாரு. அன்னிக்கு அவரோட முதல் பர்டி அதுதான். மிச்ச ரெண்டு ஹோல்லயும் பார், முடிஞ்சது, மூணாவது மேஜர். நல்லா ஆடுற நாள்ல ஜெயிக்கிறது எல்லா சாம்பியனும் பண்றதுதான், ஆட்டம் வராத நாள்ல உடைஞ்சு போகாம மைதானத்துலயே நின்னு, வந்த ஒரே வாய்ப்பைப் பிடிச்சு ஜெயிக்கிறதுக்கு கெனிங்காவ் மாதிரி இடத்துல வருஷக்கணக்கா நின்ன மனசு வேணும்னு நான் நினைக்கிறேன்.

அடுத்த மாசம், செப்டம்பர் 6, பாஸ்டன் பக்கத்துல டாய்ச்ச பேங்க் சாம்பியன்ஷிப். டைகரையும் ஆடம் ஸ்காட்டையும் மூணு ஷாட்ல தாண்டி ஜெயிச்சாரு, அன்னிக்கே உலக ரேங்கிங்ல நம்பர் 1. அதுக்கு முன்னாடி டைகர் தொடர்ந்து 264 வாரம் அந்த இடத்துல இருந்தவர். இங்க ரேங்கிங் எப்படிப் போடுறாங்கன்னு ஒரு வரி சொல்லணும், ஏன்னா ஒரு நல்ல வாரத்துல வந்து ஒட்டிக்கிற இடம் இல்ல அது. ரெண்டு வருஷத்துப் பாயிண்டைக் கூட்டி, ஆடின போட்டிகளால வகுத்து, பழைய பாயிண்டோட மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. அதுல ஒருத்தரைத் தள்ளிட்டு மேல வரணும்னா ரெண்டு வருஷம் வாரா வாரம் நல்லா ஆடியிருக்கணும். மொத்தம் 32 வாரம் நம்பர் 1-ஆ இருந்தாரு. அந்த வருஷம் பரிசுப் பணம் 1 கோடியே 9 லட்சம் டாலர், ஒரே சீசன்ல 1 கோடி டாலரைத் தாண்டின முதல் ஆளு. நம்ம பத்திரிகைங்க பணத்தைத்தான் தலைப்புல போடும், அதனால அதையும் சொல்லி வெக்கிறேன். 2008-ல 45 வயசுல பிஜிஏ டூரோட சீசன் பட்டமான ஃபெடெக்ஸ் கப், அதுக்கு 1 கோடி டாலர் போனஸ். கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேம்ல 2006-லயே பேரு ஏறிடுச்சு.

அவரைத் தெய்வமாக்கணும்னு நான் சொல்லல. 2003-ல அனிகா சோரன்ஸ்டாம், பெண்கள் கோல்ஃப்ல அப்போ உச்சத்துல இருந்தவங்க, அழைப்பு வந்து ஆண்கள் டூர்ல கலோனியல் போட்டியில ஆட வந்தாங்க. அவங்க ஆடுறது சரியில்ல, கட் மிஸ் ஆகணும்னு விஜய் சிங் பேசினாரு, அப்புறம் அந்தப் போட்டியில இருந்து தானே விலகிட்டாரு, முந்தின வாரம் ஜெயிச்சிருந்தாரு, ஓய்வு வேணும்னு காரணம் சொன்னாரு. அந்தப் பேச்சு தப்புதான், எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் தப்புதான். கதவு சாத்தின வீட்டு வாசல்ல வருஷக்கணக்கா நின்ன ஒரு மனுஷன் இன்னொருத்தர் உள்ள வரும்போது அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நிருபர்களோடயும் அவருக்கு நல்ல உறவு கிடையாது, ஜகார்த்தா பத்தித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அவரு பேசுறதைக் குறைச்சுக்கிட்டாரு. டைகர் மாதிரி சிரிச்சுக் கை தூக்குற ஆளும் இல்ல. அவரைப் பத்தி எழுத்து குறைவா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன், பேட்டி குடுக்கிறவங்களைப் பத்தித்தான் பத்திரிகை எழுதும்.

2013-ல இன்னொரு விவகாரம். மான் கொம்புல இருந்து எடுக்கிற ஒரு ஸ்ப்ரேவைப் பயன்படுத்தினேன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையில அவரே வெளிப்படையா சொல்லியிருந்தாரு. பிஜிஏ டூர் சஸ்பெண்ட் பண்ணப் பாத்துச்சு, அப்பீல் போனாரு, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அந்த ஸ்ப்ரேவைத் தடை செஞ்ச பொருளாப் பாக்கலைன்னு சொன்னதும் டூர் நடவடிக்கையை விட்டுடுச்சு. இவர் விடல. தன் பேரைக் கெடுத்துட்டாங்கன்னு டூர் மேலயே வழக்குப் போட்டு, அஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்து, 2018 நவம்பர்லதான் சமரசம் ஆச்சு. ஐம்பது வயசு தாண்டின, பணத்துக்குக் குறையில்லாத ஒரு ஆளு எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டணும்னு அப்போ நிறைய பேரு கேட்டாங்க. 1985-ஐத் தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கேள்வி வராது. ஒரு தடவை பேரு போச்சுன்னா அதைத் திரும்பக் கொண்டுவர எத்தனை வருஷம் ஆகும்னு அவருக்கு நல்லாவே தெரியும். வழக்கு நடந்துக்கிட்டிருந்த காலத்துலயும் அவர் சும்மா உக்காரல, 50 தாண்டினவங்களுக்கான சீனியர் டூர்ல ஆடிக்கிட்டுத்தான் இருந்தாரு, அந்த 2018-லயே சீனியர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஜெயிச்சாரு, அது சீனியர் மேஜர். மாஸ்டர்ஸ் ஜெயிச்சவங்களுக்கு வாழ்நாள் முழுக்க அங்க ஆட அழைப்பு உண்டுங்கிறதால அறுபது வயசுக்கு மேலயும் மாஸ்டர்ஸ் நடக்கிற அகஸ்டாவுல அவரைப் பாக்க முடியுது.

இப்போ உங்ககிட்ட கேக்குறது என்னன்னா, விஜய் சிங்கைப் பத்தி முழுசா ஒரு கட்டுரை போடுங்க. போர்னியோ வருஷங்களை எழுதுங்க, க்யூ ஸ்கூல்ல தோத்ததை எழுதுங்க, ஜகார்த்தாவையும் மறைக்காம எழுதுங்க, ரெண்டு பக்கத்தையும் சொல்லுங்க. கோல்ஃப் தெரியாத வாசகருக்கும் அது பிடிக்கும், ஏன்னா வேலை கைவிட்டுப் போனவங்களுக்கும், முப்பது வயசுல புது ஊர்ல முதல்ல இருந்து ஆரம்பிக்கிறவங்களுக்கும் பந்து எங்க விழுந்துச்சுன்னு தெரியாட்டியும் அந்த மனுஷன் எங்க நின்னாருன்னு புரியும்.

இன்னொரு சின்ன வேண்டுகோள், இது தினசரி செய்திக்கு. கோல்ஃப் முடிவுகள் போடும்போது முதல் மூணு பேரையும் பரிசுத் தொகையையும் மட்டும் போடுறீங்க. சனிக்கிழமை காலைப் பதிப்புல கட் எந்த ஸ்கோர்ல விழுந்துச்சு, ஒரே ஒரு ஷாட்ல அதை விட்டவங்கள்ல தெரிஞ்ச பேரு யாரு இருக்காங்கன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. ஏஜென்சி அனுப்புற ஸ்கோர் பட்டியல்லயே அது இருக்கும், தனியா ஆள் போட்டுத் தேட வேண்டியதில்ல, இடமும் பெருசா பிடிக்காது.

இப்படிக்கு,
உங்க விளையாட்டுப் பக்கத்தோட நீண்ட நாள் வாசகர்